உழவர் என்றால் யார்? சரண் சிங்கின் அரசியல் வாழ்வும் நிலமற்றவர்களும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் நம் தலைவர் ஒருவரை எடுத்துப் பேசுவதே வழக்கம். இன்று நம்மவர் அல்லாத ஒருவரின் அரசியல் வாழ்க்கையைப் பேசப் போகிறேன். குத்தகை உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, மாநில அமைச்சராகி, முதலமைச்சராகி, ஒன்றிய உள்துறை அமைச்சராகி, நிதியமைச்சராகி, கடைசியில் பிரதமர் நாற்காலி வரைக்கும் போனவர் சௌத்ரி சரண் சிங். அவர் பிறந்த டிசம்பர் 23ஆம் நாள்தான் இந்தியாவில் உழவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

2024 பிப்ரவரி 9 அன்று மூவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. நரசிம்ம ராவ், சரண் சிங், எம்.எஸ்.சுவாமிநாதன். இவர்களில் பின்னிருவரும் உழவின் பெயரால் மதிக்கப்படுபவர்கள். ஆனால் உழவர் என்ற சொல்லுக்கு இருவர் வழியாகவும் நமக்குக் கிடைக்கும் பொருள் வேறு வேறு. அந்த வேறுபாட்டுக்குள்தான் நம் மக்களின் கதை இருக்கிறது. ஆகவே ஒரு தனிமனிதரைப் புகழ்வதோ பழிப்பதோ என் நோக்கமல்ல. உழவர் அரசியல் என்று நாம் மதிக்கும் ஒன்று, வயலில் இறங்கி வேலை செய்யும் தலித் கூலியை எங்கே நிறுத்தியது என்று அவர் வாழ்க்கையை வைத்துக் கேட்பதே நோக்கம்.

நூர்பூரிலிருந்து சட்டமன்றத்துக்கு

சரண் சிங் 1902இல் அன்றைய ஐக்கிய மாகாணத்தில், மீரட் வட்டாரத்து நூர்பூர் கிராமத்தில் பிறந்தார். ஜாட் சாதி. ஜாட்டுகள் தம் நிலத்தில் தாமே ஏர் பிடிப்பவர்கள். கலப்பையைத் தொடுவது இழுக்கு என்று கருதிய பிராமண, ராஜபுத்திர நிலவுடைமையாளர்களிடமிருந்து அவர்கள் வேறுபட்டவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தன் கையால் உழுபவன் மீது சரண் சிங் வைத்த மதிப்பு நடிப்பு அல்ல, அது அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்தது.

ஆக்ராவில் படித்தார், சட்டம் முடித்தார், காசியாபாத்தில் வழக்கறிஞரானார், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1937 தேர்தலில் சப்ரௌலி தொகுதியிலிருந்து மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். போன வேகத்திலேயே அவர் எடுத்தவை உழவர் பிரச்சினைகள். விளைபொருளை விற்கும் இடத்தில் வியாபாரி செய்யும் எடை மோசடியையும் கழிவையும் கட்டுப்படுத்த 1938இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். வட்டிக்காரர்களிடமிருந்து உழவர்களை மீட்கும் கடன் சட்டத்துக்காக உழைத்தார். அரசு வேலைகளில் பாதியை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1947இல் எழுதினார். கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு மண்ணின் வாழ்க்கை தெரியாவிட்டால் சட்டம் எழுதி என்ன பயன் என்பது அவர் கேள்வி.

அதே 1937இல் பக்கத்து மாகாணமான பீகாரில் இன்னொரு இளைஞர் இன்னொரு வேலையைத் தொடங்கினார். சந்த்வா கிராமத்துச் சாமார் குடும்பத்தில் பிறந்த ஜகஜீவன் ராம், வயல் கூலிகளுக்கென்று தனியாக ஒரு சங்கம் அமைத்தார். அப்போது அங்கே சுவாமி சகஜானந்தரின் கிசான் சபை வலுவாக இருந்தது. அதை உடைக்கக் காங்கிரஸ் செய்த ஏற்பாடுதான் இந்தச் சங்கம் என்ற விமர்சனம் உண்டு. அது இருக்கட்டும். குத்தகைதாரரின் சங்கத்துக்குள் கூலியாளின் குரல் எடுபடவில்லை என்ற உண்மை இல்லாமல் அப்படி ஒரு சங்கத்துக்கு ஆள் சேர்ந்திருக்காது. உழவர் ஒருவர், உழைப்பவர் இன்னொருவர் என்ற பிளவு அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து இந்த இருவரும் டெல்லியில் ஒரே நாற்காலிக்காக எதிரெதிரே நிற்பார்கள்.

ஜமீன் போனது, யாருக்கு வந்தது?

சரண் சிங்கின் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம் உத்தரப் பிரதேச ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம். 1951இல் நிறைவேறி 1952 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நிலத்துக்கும் அரசுக்கும் நடுவே உட்கார்ந்து வாடகை தின்ற கூட்டத்தை அது அகற்றியது. ஆண்டு வாடகையைப் போல் பத்து மடங்கு கட்டிய குத்தகைதாரர் பூமிதார் ஆனார். கட்ட முடியாதவர் சிர்தார் என்ற பெயரில், விற்கும் உரிமை இல்லாமல், நிலத்தில் நிலைத்தார். இருவருக்கும் கீழே இருந்த உள்குத்தகைக்காரர்களை அதிவாசி என்றது சட்டம். அவர்களையும் 1954 திருத்தம் சிர்தார்கள் ஆக்கியது. மேல்சாதி நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு இதைச் செய்தவர் சரண் சிங். அதிவாசியாக இருந்த தலித் குடும்பங்களுக்கும் இதனால் நிலம் கிடைத்தது. இதை மறுப்பது வரலாற்று நேர்மை ஆகாது.

கிராமக் கணக்கர்களான பட்வாரிகள் 1953இல் மிரட்டலாக ஒட்டுமொத்தமாய் ராஜினாமா கொடுத்தபோது, அதை அப்படியே ஏற்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியவரும் அவரே. அவர்களுக்குப் பதிலாக லேக்பால் என்ற புதிய பணியிடம் வந்தது. நிலத்தைப் பற்றிப் பேசும்போது பட்வாரியை மறக்கக் கூடாது. அவன் பேனாவில்தான் ஒரு குடும்பத்தின் உரிமை இருந்தது. நம் ஊர் அடங்கலில் பெயர் ஏறுவதும் ஏறாமல் போவதும் எப்படி என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்தச் சட்டத்தின் கண்ணில் உழவர் யார்? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு குத்தகைப் பதிவு உள்ளவரே சட்டத்துக்குள் வர முடியும். ஜமீன்தார்கள் சொந்தச் சாகுபடி என்று காட்டிய சீர், குத்காஷ்த் நிலங்கள் அவர்களிடமே பூமிதார் உரிமையோடு விடப்பட்டன. அந்தச் சொந்தச் சாகுபடி என்ற சொல்லுக்குள் கூலியாள் வைத்துச் செய்யும் சாகுபடியும் அடங்கியது. அதாவது வரப்பில் நின்று மேற்பார்த்தவர் சட்டப்படி உழவர். சேற்றில் இறங்கி ஏரோட்டியவர் உழவர் அல்லர். கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஹல்வாஹா என்று அழைக்கப்பட்ட ஏரோட்டிகள் பெரும்பாலும் சாமார் சாதியினர். கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்கு உழுதவர்கள். அவர்கள் பெற்றது கூலி, கட்டியது வாடகை அல்ல. வாடகைச் சீட்டு இல்லாததால் பதிவேட்டில் அவர்களுக்குப் பெயரும் இல்லை. ஒருவன் கலப்பையைத் தொடுவதில்லை, ஆனாலும் பூமிதார். இன்னொருவனுக்குக் கலப்பைதான் வாழ்க்கை, ஆனாலும் அவனுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கணக்கு சரிதான், வெளியே போவது யார்?

நிலமற்றவர்களைச் சரண் சிங் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அவர் நிறைய எழுதியவர். புள்ளிவிவரங்களோடு வாதிடுபவர். இருக்கிற நிலத்தை எல்லோருக்கும் பங்கிட்டால் யாருக்கும் பிழைக்கப் போதாது, ஆகவே நிலமற்றவர்களைக் கிராமக் கைத்தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் நகர்த்த வேண்டும் என்பது அவர் முடிவு.

கணக்காகப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் தெரியும். சமூகமாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். நிலம் போதாது என்றால் யாராவது வெளியேற வேண்டும். வெளியேறச் சொல்லப்படுபவர் ஏன் எப்போதும் ஒரே சாதிகளைச் சேர்ந்தவராக இருக்கிறார்? கிராமக் கைத்தொழில் என்றால் தோலும் சாக்கடையும் நம்மிடம் விடப்பட்டிருந்த கிராமத்தில் நமக்கு எந்தத் தொழில் கிடைக்கும்? இந்தக் கேள்விகள் அவர் கணக்கில் வரவில்லை.

இங்கே அம்பேத்கரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அவர் வேறு வழி சொன்னார். விவசாய நிலம் முழுவதும் அரசுடைமை ஆக வேண்டும், கிராமத்துக் குடும்பங்கள் சாதி, மத வேறுபாடின்றிக் கூட்டாகப் பயிர் செய்ய வேண்டும், நிலப்பிரபு, குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூன்று பிரிவும் இருக்கக் கூடாது என்றார். குத்தகைச் சட்டங்கள் தீண்டத்தகாதோருக்குப் பயன்படா, ஏனெனில் அவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்களே அல்லர் என்பது அவர் பார்வை. ஒரு தலைமுறைக்குப் பின் நாம் கண்டுபிடித்ததாக நினைப்பதை அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டில் நேரு கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் கொண்டுவந்தபோது அதை நேருக்கு நேர் எதிர்த்தவர் சரண் சிங். நேரு உச்சத்தில் இருந்த காலம், அதற்குத் துணிச்சல் வேண்டும். கூட்டுப் பண்ணை முறையை மறுத்து ஒரு நூலே எழுதினார். சோவியத் நாட்டில் கூட்டுப் பண்ணை என்ற பெயரில் நடந்த கொடுமைகளைப் பார்க்கும்போது அவருடைய அச்சத்தில் உண்மை இருந்தது. ஆனால் அந்த விவாதத்தில் இரண்டே தரப்புகள்தான். ஒன்று அரசு, மற்றொன்று நிலமுள்ள உழவர். நிலமற்றவர் சார்பில் பேச மேடையில் ஆள் இல்லை.

மேடை கிடைக்காதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அம்பேத்கர் நினைவு நாளான 1964 டிசம்பர் 6 அன்று, தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் இந்தியக் குடியரசுக் கட்சி நாடு தழுவிய நிலப் போராட்டத்தைத் தொடங்கியது. தரிசு நிலங்களை நிலமற்றவர்களுக்குக் கொடு என்று கேட்டு லட்சக்கணக்கானோர் சிறை சென்றார்கள். இந்திய உழவர் இயக்க வரலாறு என்ற பெயரில் வரும் எத்தனை நூல்களில் இந்தப் போராட்டத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது? மாணவத் தோழர்கள் தேடிப் பாருங்கள்.

சாதியை அவர் பார்க்கவில்லையா?

பார்த்தார். 1954இல் அவர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதி மறுப்புத் திருமணம் செய்பவர்களுக்கே உயர்நிலை அரசுப் பணி என்று அரசியல் சட்டத்தையே திருத்துங்கள் என்று அதில் கேட்டார். தனிமனிதச் சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்று நேரு ஏற்கவில்லை. அன்று எந்தக் காங்கிரஸ் தலைவரும் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆரிய சமாஜத்தின் தாக்கமும் உயர்சாதி அதிகார வர்க்கத்தின் மீது அவருக்கிருந்த கோபமும் அந்தக் கடிதத்தில் சேர்ந்திருந்தன.

ஆக, அலுவலகத்திலும் திருமணத்திலும் சாதி இருப்பதை அவர் கண்டார். வயலுக்கு வந்தபோதோ அவர் கண்ணில் பட்டது உழவர் என்ற ஒரே வர்க்கம்தான். மேலே இருக்கும் பிராமணரையும் பனியாவையும் பார்த்து ஜாட் உழவர் கேட்ட கேள்வியை அவர் கேட்டார். அதே ஜாட் உழவரைப் பார்த்துச் சாமார் கூலி கேட்ட கேள்வி அவர் காதில் விழவில்லை.

பெல்ச்சி

1967 ஏப்ரலில் காங்கிரஸிலிருந்து வெளியேறி உத்தரப் பிரதேசத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத முதலமைச்சரானார். 1970இல் மீண்டும் சில மாதங்கள் அந்தப் பதவி. பாரதிய கிராந்தி தளம், பாரதிய லோக் தளம் என்று கட்சிகள் கட்டினார். நெருக்கடி நிலையில் சிறைப்பட்டார். 1977இல் ஜனதா ஆட்சியில் ஒன்றிய உள்துறை அமைச்சரானார். இடைநிலைச் சாதி உழவர்கள் முதல்முறையாக டெல்லி அதிகாரத்தைத் தொட்ட காலம் அது.

ஆட்சி வந்த இரண்டே மாதத்தில், 1977 மே 27 அன்று, பீகாரின் பெல்ச்சி கிராமத்தில் பதினொரு பேர் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். எட்டுப் பேர் தலித்துகள், மூன்று பேர் பொற்கொல்லர் சாதியினர். கொன்றவர்கள் குர்மி நிலவுடைமையாளர்கள். குர்மிகளும் உழவர் சாதிதான். இரண்டு குற்றக் கும்பல்களுக்கு இடையே நடந்த மோதல், இதில் சாதி இல்லை என்ற பொருளில் உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொன்னார். தலித் எம்.பி.க்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதை மறுத்தார்கள். அவர்களில் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஆற்று வெள்ளத்தையும் சேற்றையும் யானை மேல் கடந்து இந்திரா காந்தி பெல்ச்சிக்குப் போனார் என்பதைத்தான் நாடு நினைவில் வைத்திருக்கிறது. உள்துறை அமைச்சரின் விளக்கத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அது அதிகாரிகள் எழுதிக் கொடுத்த அறிக்கை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் உழவர் ஒரே வர்க்கம் என்ற நம்பிக்கையோடு பார்ப்பவருக்கு உழவர் சாதி ஒன்று கூலிகளைக் கொல்வது புரியாது. அதைக் கும்பல் மோதல் என்றுதான் படிக்கத் தோன்றும்.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25 அன்று, கீழத் தஞ்சையின் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை இந்த அவைக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விவரத்தை மட்டும் கவனியுங்கள். கூலி உயர்வு கேட்ட பண்ணையாட்களுக்கு எதிராக நிலவுடைமையாளர்கள் அமைத்த சங்கத்தின் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, களத்தில் அடித்தவர்கள் உற்பத்தியாளர்கள் ஆகவில்லை. வடக்கில் சட்டம் செய்ததை இங்கே ஒரு பெயர்ப்பலகை செய்தது.

நாற்காலிக்கு எதிரெதிரே

1977 மார்ச்சில் ஜனதா வென்றபோது பிரதமர் பதவிக்கு மூன்று பெயர்கள் இருந்தன. மொரார்ஜி தேசாய், ஜகஜீவன் ராம், சரண் சிங். மருத்துவமனையில் படுத்திருந்த சரண் சிங், தன் ஆதரவு மொரார்ஜிக்கு என்று கடிதம் கொடுத்தார். ஜகஜீவன் ராமின் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. நெருக்கடி நிலைத் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவர் பிரதமராகலாமா என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அது பொய்யான காரணம் அல்ல, சிறை சென்றவர்களுக்கு அந்தக் கோபம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஈராண்டு கழித்து, நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திரா காந்தியின் ஆதரவோடு சரண் சிங்கே பிரதமரானபோது அந்தக் காரணம் உதிர்ந்துவிட்டது.

1979 ஜூலை 28இல் பதவியேற்றார். இந்திரா ஆதரவை விலக்கவே ஆகஸ்ட் 20இல் விலகினார். பிரதமராக ஒருநாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்கவில்லை. அப்போது ஜனதா நாடாளுமன்றக் கட்சியின் தலைவராக இருந்தவர் ஜகஜீவன் ராம். ஆட்சி அமைக்கத் தன்னை அழைக்க வேண்டும் என்று கோரினார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி அழைக்கவில்லை. ஆகஸ்ட் 22இல் மக்களவையைக் கலைத்தார். இந்தியாவுக்கு ஒரு தலித் பிரதமர் வந்திருக்கக்கூடிய இரண்டு தருணங்களும் இவ்வாறு கடந்துபோயின. இரண்டிலும் உழவர் தலைவரின் முடிவுகளுக்குப் பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பசுமைப் புரட்சிக் காலத்தில் ஒன்றிய வேளாண் அமைச்சராக இருந்தவர் ஜகஜீவன் ராம். ஆனாலும் அவரை யாரும் உழவர் தலைவர் என்று அழைத்ததில்லை. அவர் கடைசிவரைக்கும் ஹரிஜனத் தலைவர்தான். வழக்கறிஞராக வாழ்ந்த சரண் சிங் உழவர் தலைவர் ஆனார். உழவர் என்ற பட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதைத் தொழில் தீர்மானிக்கவில்லை, சாதி தீர்மானித்தது.

விலை கேட்பவர், கூலி கேட்பவர்

1978 டிசம்பர் 23இல் டெல்லியில் சரண் சிங்கின் பிறந்தநாளுக்குத் திரண்ட உழவர் பேரணி இந்திய அரசியலின் திசையை மாற்றியது. அடுத்த ஆண்டு நிதியமைச்சராக அவர் தந்த நிதிநிலை அறிக்கை கிராமத்தின் பக்கம் சாய்ந்தது, உரத்தின் வரியைக் குறைத்தது. விளைபொருளுக்கு விலை, உரத்துக்கு மானியம், மோட்டாருக்கு மின்சாரம் என்ற கோரிக்கைகள் அதன்பின் எல்லா மாநிலங்களிலும் எழுந்தன. இவை நியாயமான கோரிக்கைகள். ஆனால் இவற்றின் பலன் ஏக்கர் கணக்கில் வருவது. ஏக்கர் இல்லாதவருக்கு என்ன வரும்? கூலியில் அரிசியும் கோதுமையும் வாங்கித் தின்பவருக்கு விலை உயர்வு கூடுதல் செலவு. கூலி உயர்ந்தால்தான் அவருக்கு ஈடு. கூலி உயர்வோ உழவர் மேடையின் கோரிக்கைப் பட்டியலில் கடைசியில்கூட இடம்பெறுவது அரிது.

மேற்கு உத்தரப் பிரதேசத்துத் தலித்துகள் இதற்குத் தம் வழியில் பதில் சொன்னார்கள். கன்ஷிராம் 1984 ஏப்ரல் 14இல் பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கினார். 1985 பிஜ்னோர் இடைத்தேர்தலில் ஜகஜீவன் ராமின் மகள் மீரா குமார் காங்கிரஸ் சார்பிலும், ராம் விலாஸ் பாஸ்வான் லோக் தளம் சார்பிலும், மாயாவதியும் போட்டியிட்டார்கள். மீரா குமார் வென்றார். ஆனால் பத்தே ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் முதலமைச்சர் ஆனவர் மாயாவதி. பட்டா காகிதத்தில் இருந்தும் கைக்கு வராத கிராமப் பொது நிலத்தைத் தலித் குடும்பங்களுக்கு அளந்து கொடுக்கும் வேலை அவர் ஆட்சியில் முன்னுக்கு வந்தது.

இன்றைய கேள்வி

2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் சாகுபடியாளர்கள் சுமார் 11.9 கோடி. விவசாயக் கூலிகள் சுமார் 14.4 கோடி. வயலில் இன்று அதிகமாக இருப்பவர் நிலம் உள்ளவர் அல்லர், கூலியாள். இந்நிலையில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டம் யாருக்கு? நிலப் பதிவில் பெயர் உள்ள குடும்பத்துக்கு மட்டும். கூலியாளுக்கு இல்லை. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுபவருக்கும் இல்லை.

இங்கேதான் அந்தப் பாரத ரத்னா அறிவிப்புக்கு மீண்டும் வர வேண்டும். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையத்தின் பரிந்துரையைப் பின்பற்றி 2007இல் தேசிய உழவர் கொள்கை வந்தது. அது கூலித் தொழிலாளர், வாரம் பிடிப்பவர், குத்தகைதாரர், மீனவர், ஆடு மாடு வளர்ப்பவர், காட்டில் பொருள் சேகரிக்கும் பழங்குடியினர் அனைவரையும் உழவர் என்றது. கொள்கையாக அச்சிலிருக்கிறது. பணம் கொடுக்கும்போது மட்டும் அரசு பழைய பட்வாரிப் புத்தகத்தையே திறக்கிறது.

பஞ்சாபைப் பாருங்கள். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு நம்மவர், சொந்த நிலமோ மிக மிகச் சொற்பம். கிராமப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. பினாமி ஏலத்தில் அது பறிபோனபோது சங்ரூர் மாவட்டத்துத் தலித்துகள், பெண்கள் முன்னணியில் நிற்க, போராடி நிலத்தை மீட்டுக் கூட்டாகப் பயிரிடத் தொடங்கினார்கள். அம்பேத்கர் 1947இல் எழுதியதன் ஒரு சிறு வடிவம் அது. 2020இல் டெல்லி எல்லையில் நடந்த உழவர் போராட்டத்தை நாம் ஆதரித்தோம், ஆதரித்ததும் சரி. ஆனால் ஊர் திரும்பியதும் கூலியையும் பொது நிலத்தையும் பற்றிப் பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆதரித்திருக்க வேண்டும்.

தோழர்களே, சரண் சிங் நேர்மையானவர். எளிமையாக வாழ்ந்தவர். ஜமீன்தார்களுக்கு எதிராக அவர் செய்தது பெரிய வேலை. அவரது எல்லை அவரது குணத்தில் இல்லை, அவர் பயன்படுத்திய சொல்லில் இருந்தது. உழவர் என்று அவர் சொன்னபோது அவர் மனதில் நிலப் பட்டியலில் பெயருள்ள ஒருவர் நின்றார். நம் தாய்மார் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கிராமத்தில் உழவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுங்கள். பஞ்சமி நிலத்தின் பதிவேட்டை எடுங்கள். நூறு நாள் வேலை அட்டைகளின் பட்டியலையும் எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள், யாருடைய நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். அதுதான் உங்கள் ஊரின் உழவர் வரலாறு. அடுத்த உழவர் மேடையில் நாம் ஏறும்போது அந்தக் காகிதம் நம் கையில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.